சாமுவேல் படுத்திருந்த இடம்

தமிழில் 'கேட்பது' என்ற ஒரே சொல் மூன்று வேலை பார்க்கிறது. கடையில் அரைக் கிலோ சீனி கேட்கிறோம். ரேடியோவில் பாட்டு கேட்கிறோம். 'அம்மா சொன்னாக் கேளு' என்று பிள்ளையை அதட்டும்போது அதே சொல் கீழ்ப்படிவதைக் குறிக்கிறது. பழைய ஏற்பாட்டின் எபிரெயத்திலும் 'ஷமா' என்ற சொல்லுக்குக் காதால் கேட்பது, கீழ்ப்படிவது என்று இரண்டு பொருளும் உண்டு. யாசிப்பதற்கு மட்டும் அங்கே வேறு சொல். நமக்குத்தான் மூன்றுக்கும் ஒன்றே.

நம்முடைய ஜெபத்தில் முதல் கேட்பதற்குக் குறைவில்லை. மகளுக்கு வரன், மகனுக்கு விசா, சித்தப்பாவின் சர்க்கரை, சபைக் கட்டட நிதி என்று வரிசையாகக் கேட்டு, ஆமென் சொல்லி, பாயைச் சுருட்டிவிடுகிறோம். மூன்றாவது கேட்பதைப் பற்றிப் பிரசங்கங்களில் வேண்டிய அளவுக்குத் திட்டு வாங்கியிருக்கிறோம். நடுவில் இருக்கும் கேட்பதற்குத்தான் நேரமும் இல்லை, பழக்கமும் இல்லை. ஆராதனை முறைமையில் 'மௌன ஜெபம்' என்று அச்சடித்திருக்கும். தலை குனிந்து பத்து விநாடி ஆவதற்குள் கீபோர்டுக்காரர் மெல்ல வாசிக்கத் தொடங்கிவிடுவார். அமைதி விழுந்தால் மைக் கெட்டுப்போய்விட்டதோ என்று திரும்பிப் பார்ப்பவர்கள் நாம்.

கேட்டு வாங்குவதை நான் இளப்பமாகச் சொல்லவில்லை. சீலோவில் அன்னாள் அழுது அழுது கேட்டுத்தான் சாமுவேலைப் பெற்றாள். அவள் உதடு மட்டும் அசைவதைப் பார்த்து, குடித்திருக்கிறாள் என்று நினைத்தார் ஆசாரியன் ஏலி. சில வருஷம் கழித்து, அதே சீலோவில், அதே ஏலியின் பக்கத்தில், அவள் மகன் ஒரு ராத்திரி கேட்டான். தாய் கேட்டது ஒரு விதம், பிள்ளை கேட்டது இன்னொரு விதம். முதல் கேட்பதன் பலனாகப் பிறந்தவனே இரண்டாவது கேட்பதை நமக்குக் கற்றுத்தருகிறான். இந்த அதிகாரம் முழுவதையும் அந்த ஒரு ராத்திரியை வைத்தே நடத்தப்போகிறேன். 1 சாமுவேல் 3ஆம் அதிகாரத்தை ஒரு முறை வாசித்துவிட்டு வாருங்கள்.

இடம்

சாமுவேல் அன்றைக்கு விசேஷமாக உபவாசம் இருந்ததாக எழுதியிருக்கவில்லை. மலை ஏறிப் போகவும் இல்லை. உடன்படிக்கைப் பெட்டி இருந்த ஆலயத்தில் படுத்திருந்தான். விளக்கு இன்னும் அணையவில்லை. அந்தப் பையனுக்கு அதுதான் வேலை செய்யும் இடம், தூங்கும் இடம். ஆண்டவர் கூப்பிட்டபோது அவன் இருந்தது எப்போதும் இருக்கும் இடத்தில்.

ஆகவே முதலில் ஒரு இடத்தைப் பிடியுங்கள். தனி ஜெப அறை இருந்தால் சந்தோஷம். ஆனால் இந்த நூலை வாசிக்கிற பலருக்கு இரண்டு அறை வீடு, ஒரு அறையில் மாமியார், இன்னொன்றில் பத்தாம் வகுப்புப் பிள்ளை. அப்படியானால் மொட்டை மாடிப் படியின் நாலாவது படி போதும். பீரோவுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் ஒரு நாற்காலி போதும். எந்த இடம் என்பது முக்கியமில்லை, நாள்தோறும் அதே இடமாக இருக்க வேண்டும். ஒரு மாதம் போனால் அந்த இடத்தில் போய் உட்கார்ந்ததுமே உடம்பு தானாக அடங்கும். சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்ததும் பசி எடுப்பது போலத்தான் இதுவும்.

ஜான் வெஸ்லியின் தாய் சுசன்னா வெஸ்லி பத்தொன்பது பிள்ளை பெற்றவர். பிழைத்து வளர்ந்தவர்கள் பத்துப் பேர். அந்த வீட்டில் தனிமைக்கு எங்கே போவார்? மேலங்கியைத் தலைக்குமேல் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார், அப்போது அம்மாவைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று பிள்ளைகளுக்குத் தெரியும் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். நம் வீட்டுப் பெண்களுக்கு ஜெபத்தில் முக்காடு போடுவது புதிதல்ல. 'அம்மா முக்காடு போட்டிருந்தால் பதினைந்து நிமிஷத்துக்குக் கேஸ் சிலிண்டர் வெடித்தால் மட்டுமே கூப்பிடலாம்' என்று ஒரு சட்டம் போட்டுப் பாருங்கள். பிள்ளைகள் முதல் வாரம் மீறுவார்கள், மூன்றாவது வாரம் பழகிவிடுவார்கள். இந்தச் சட்டத்தைக் காப்பாற்றும் வேலை கணவருடையது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

வீட்டில் முடியவே முடியாது என்றால் கோயில்பிள்ளையிடம் கேளுங்கள். வார நாட்களில் நம் ஆலயங்கள் பூட்டித்தான் கிடக்கின்றன. சாவியை வாங்கி, மின்விசிறிகூடப் போடாமல், கடைசிப் பெஞ்சில் கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வரலாம். லட்சக்கணக்கில் செலவழித்துக் கட்டிய கட்டடத்துக்கு அதுவும் ஒரு உபயோகம்தானே.

நேரம்

பதினைந்து நிமிஷம். அதற்குமேல் முதல் மாதம் வேண்டாம். உற்சாகத்தில் ஒரு மணி நேரம் என்று ஆரம்பித்தவர்கள் ஒன்பதாம் நாள் விட்டுவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

காலை நாலு மணிக்கு எழுந்தால்தான் ஜெபம் என்று நம் சபைகளில் ஒரு கௌரவம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதிகாலை நல்ல நேரம், சந்தேகமில்லை. ஆனால் இரவுப் பணி முடிந்து வரும் நர்ஸுக்கும், பதினொரு மணிக்குக் கடை அடைத்துவிட்டு வருகிறவருக்கும் அது நல்ல நேரமல்ல. எலியா ஓரேப் மலைக்குப் போன கதையை எடுத்துக்கொள்ளுங்கள். காற்றும் பூமியதிர்ச்சியும் அக்கினியும் போனபின் வந்த அந்த மெல்லிய சத்தத்தைப் பற்றி நிறையப் பிரசங்கம் கேட்டிருப்போம். அதற்கு நாற்பது நாளைக்கு முன்னால் நடந்ததை வேகமாகக் கடந்துவிடுகிறோம். சூரைச்செடியின் கீழே சாக வேண்டும் என்று கிடந்த மனிதனை ஆண்டவர் முதலில் தூங்கவிட்டார், எழுப்பித் தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தார், மறுபடியும் தூங்கவிட்டார், மறுபடியும் சாப்பிட வைத்தார். பேச்சு பிறகுதான். உங்களுக்கு ஐந்து மணி நேரத் தூக்கம்தான் கிடைக்கிறது என்றால், கேட்கப் பழகுவதற்கு முதல் படி அரை மணி நேரம் அதிகமாகத் தூங்குவது.

உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிப்போனால்? தூங்கிப்போங்கள். லிசியே ஊர்க் கன்னியர் மடத்துத் தெரேசா (1873–1897) ஜெப நேரத்தில் பல வருஷம் தூங்கி வழிந்தவர். அதை மறைக்காமல் எழுதியும் வைத்தார். தூங்கும் பிள்ளையையும் பெற்றவர்களுக்குப் பிடிக்கும் அல்லவா என்பது அவர் சொன்ன சமாதானம். கத்தோலிக்கத் திருச்சபை பிற்பாடு அவரைப் புனிதர் வரிசையில் வைத்தது.

நேரம் பார்க்கச் செல்போன் வேண்டாம், சமையலறை டைமர் அல்லது பழைய அலாரம் கடிகாரம் போதும். வேதாகமமும் தாளில் அச்சடித்ததாகவே இருக்கட்டும். வேதாகமச் செயலிக்கு மேலே அக்காள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி எட்டிப் பார்க்கும். நீங்கள் திறக்கமாட்டீர்கள், ஆனால் என்ன அனுப்பியிருப்பாள் என்று பதினைந்து நிமிஷமும் யோசிப்பீர்கள்.

முணுமுணுத்தல்

கண்ணை மூடி மனதைக் காலியாக்கச் சொல்கிறேன் என்று சிலர் பயப்படலாம். தியானம் என்ற சொல்லைக் கேட்டாலே நம்மவர்களில் ஒரு சாராருக்கு ஆகாது. காலி வீட்டுக்குள் ஏழு பொல்லாத ஆவிகள் குடிவந்த உவமையை எடுத்து வைப்பார்கள். நியாயமான எச்சரிக்கைதான். ஆனால் இங்கே வீட்டைக் காலி செய்வதில்லை. ஒரு வேதபகுதியை உள்ளே கூட்டி வந்து உட்கார வைத்துவிட்டு, அதற்கு எதிரில் நாமும் உட்காருகிறோம்.

முதலாம் சங்கீதம் வேதத்தில் இரவும் பகலும் தியானமாயிருக்கும் மனிதனைப் பற்றிப் பேசுகிறது. தமிழில் 'தியானம்' என்றதும் அசையாமல் சம்மணமிட்ட ஒரு உருவம் மனதில் வரும். மூலத்தில் இருக்கும் 'ஹகா' என்ற எபிரெயச் சொல்லுக்கு முணுமுணுப்பது என்று அர்த்தம். இரையைப் பிடித்த சிங்கம் அதன்மேல் நின்று உறுமுவதற்கும், புறா குமுறுவதற்கும் ஏசாயா இதே சொல்லைத்தான் போடுகிறார். ஆக, அது வாய் அசையும் வேலை. கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டு, எழுத்துக்குக் கீழே விரலை நகர்த்தி, தனக்கு மட்டும் கேட்கும்படி வேதம் வாசித்த நம் ஆச்சிமார்கள் எபிரெயம் படிக்காமலே சங்கீதக்காரனுக்குக் கிட்டே இருந்தார்கள்.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் பிரான்சில் கார்த்தூசியன் துறவிகளின் தலைமை மடத்தில் இரண்டாம் கீகோ என்று ஒரு மடத்தலைவர் இருந்தார். இப்படி வாசிப்பதை அவர் நாலு படி உள்ள ஏணியாக எழுதி வைத்தார்: வாசிப்பு, தியானம், ஜெபம், தரிசனம். அவர் சொன்ன உவமை சாப்பாடு. வாசிப்பது கவளத்தை வாயில் வைப்பது, தியானிப்பது மெல்லுவது, ஜெபிப்பது ருசி தட்டுவது, கடைசிப் படி அந்த இனிப்பு. மேற்கத்தியத் திருச்சபையில் துறவிகள் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே இப்படி வாசித்து வந்தார்கள். அவர்களுக்கெல்லாம் மூலபாடமான பெனடிக்டின் ஒழுங்குநூல் ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதன் முதல் சொல்லே 'கேள்' என்பதுதான்.

முதல் வாரத்துக்கு 131ஆம் சங்கீதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றே வசனம். பால் மறந்த பிள்ளை தாயின் மடியில் இருப்பது போலத் தன் ஆத்துமா அடங்கியிருக்கிறது என்று பாடுகிறவன் சொல்கிறான். இந்த உவமையைத் தாய்மார்களிடம் விட்டுவிட்டால் இறையியல் புத்தகமே தேவைப்படாது. பால் குடிக்கிற பிள்ளை மடிக்கு வந்ததும் முட்டும், தேடும், கிடைக்காவிட்டால் வீறிடும். பால் மறக்க வைக்கும் அந்தச் சில வாரம் வீடே தூங்காது; வேப்பிலை அரைத்துப் பூசிக்கொண்ட பாட்டிகளின் கதை எல்லார் வீட்டிலும் உண்டு. அந்தப் போராட்டம் முடிந்த பின்னும் ஒரு நாள் பிள்ளை மடியில் வந்து ஏறும். இப்போது அதற்கு எதுவும் வேண்டாம். அம்மாவின் வளையலைச் சுற்றிக்கொண்டு சும்மா சாய்ந்திருக்கும். முதல் கேட்பதிலிருந்து இரண்டாவது கேட்பதற்குப் போவது இதுதான். நடுவில் ஒரு பால் மறத்தல் இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். முதல் சில வாரம் எரிச்சலும் வறட்சியுமாக இருந்தால் எங்கோ தவறு செய்துவிட்டோம் என்று நினைக்க வேண்டியதில்லை.

செய்முறை எளிது. அந்த மூன்று வசனத்தையும் வாய்விட்டு, மெதுவாக, மூன்று முறை வாசியுங்கள். ஏதாவது ஒரு சொல் கொக்கி போட்டு இழுக்கும். அங்கே நின்றுவிடுங்கள். விளக்கவுரையைப் புரட்ட வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை பேசுவதற்குக் குறிப்பு எடுக்கவும் வேண்டாம். (பிரசங்கம் செய்கிறவர்களுக்கு இது மிகக் கஷ்டம். எந்த வசனத்தைப் பார்த்தாலும் மூன்று தலைப்பு கிடைத்துவிடும்.) அந்தச் சொல்லை முணுமுணுத்துக்கொண்டே இருங்கள். அதைப் பற்றி ஆண்டவரிடம் சொல்ல ஏதாவது இருந்தால் ஒரே வரியில் சொல்லுங்கள். பிறகு வாயை மூடிக்கொள்ளுங்கள். டைமரில் எட்டு நிமிஷம் மீதி இருக்கும். அந்த எட்டு நிமிஷத்துக்குத்தான் இவ்வளவும்.

எட்டு நிமிஷம்

என்ன நடக்கும் என்று சொல்லிவிடுகிறேன். முதல் நிமிஷம் நன்றாக இருக்கும். இரண்டாவது நிமிஷத்தில் கரண்டு பில் ஞாபகம் வரும். பிறகு, நாலு வருஷத்துக்கு முன்னால் கல்யாண வீட்டில் ஒருவர் சொன்ன வார்த்தை, அதற்கு நாம் சொல்லியிருக்க வேண்டிய பதில், அந்தப் பதிலுக்கு அவர் முகம் போகும் போக்கு. அடுத்த தெருவில் மீன்காரர் குரல் கொடுப்பார், சங்கரா மீனா நெத்திலியா என்று காது பிரித்துப் பார்க்கும்.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஜெபத்தைப் பற்றி உலகத்துக்கே பாடம் எழுதிய ஆவிலா தெரேசா (1515–1582), சில வருஷங்கள் தான் ஜெப நேரம் எப்போது முடியும் என்று கடிகாரம் அடிக்கும் சத்தத்துக்கே காதைத் தீட்டிக்கொண்டிருந்ததாகத் தன் வரலாற்றில் ஒப்புக்கொள்கிறார்.

பக்கத்தில் ஒரு துண்டுக் காகிதமும் பென்சிலும் வைத்துக்கொள்ளுங்கள். கரண்டு பில் வந்தால் 'பில்' என்று இரண்டு எழுத்து எழுதிவிட்டு, முணுமுணுத்த சொல்லுக்குத் திரும்புங்கள். காகிதத்தில் ஏறியதை மனம் விட்டுவிடும். கல்யாண வீட்டு வார்த்தை மட்டும் அப்படி எளிதில் போகாது. அது நாலு நாள் தொடர்ந்து வந்தால் அதைக் கவனச் சிதறல் கணக்கில் சேர்க்காதீர்கள். ஆண்டவர் பேச நினைத்த விஷயமே அதுவாக இருக்கலாம்.

யாருடைய குரல்

இங்கேதான் சாமுவேலின் ராத்திரி நமக்கு மிகவும் உதவுகிறது. ஆண்டவர் கூப்பிட்டபோது அவனுக்கு இடி முழக்கம் கேட்கவில்லை. ஏலி கூப்பிட்டது போல இருந்தது. மூன்று தடவையும் ஏலியிடம் ஓடினான். அதாவது, அந்தக் குரல் அவனுக்குப் பழகிய ஒரு மனிதக் குரல் மாதிரியே இருந்தது. ஏலிக்கும் முதல் இரண்டு தடவை விஷயம் பிடிபடவில்லை, திரும்பிப் போய்ப் படுக்கச் சொன்னார். மூன்றாவது தடவைதான் கிழவருக்கு உறைத்தது. அப்போதும் அவர் சொன்ன வழி அதுவேதான்: அதே இடத்தில் போய்ப் படு, இனிக் கூப்பிட்டால் என்னிடம் ஓடிவராதே, அவருக்குக் காதுகொடுப்பதாகச் சொல். நாலாவது அழைப்புக்குத்தான் சரியான பதில் போனது.

'கர்த்தர் என்னோடே பேசினார்' என்ற வாக்கியம் நம் சபைகளில் சில்லறைக் காசு போலப் புழங்குகிறது. அதை வைத்து மனை வாங்கியவர்கள் உண்டு, சபையைப் பிளந்தவர்கள் உண்டு, மாட்டேன் என்ற பெண்ணை ஆண்டவர் பேரைச் சொல்லி நெருக்கியவர்களும் உண்டு. நானும் ஒரு முறை அந்தக் காசை நீட்டியவன்தான். முப்பது வயதுகூட ஆகாத காலம். வேலையை விட்டுவிட்டு ஊழியத்துக்கு வரச் சொல்லி ஆண்டவர் தெளிவாகப் பேசிவிட்டார் என்று, எனக்கு ஞாயிறு பள்ளி நடத்திய டீச்சரிடம் போய்ச் சொன்னேன். ஓய்வுபெற்று வீட்டில் முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். கத்தியை நிறுத்தாமலே கேட்டார்: "ஏ தம்பி, அவர் ஒன்கிட்ட இதைச் சொன்னது, நீ மேனேஜர்கூட சண்டை போட்டதுக்கு முந்தியா, பிந்தியா?"

"பிந்திதான், டீச்சர்."

"அப்பம் ஒரு மூணு மாசம் போட்டும். அவருக்கு ஒண்ணும் அவசரம் இருக்காது."

மூன்று மாதத்தில் சண்டை ஆறிப்போனது. சண்டையோடு அந்தக் குரலும் போய்விட்டது. இன்னும் அந்த முருங்கைக்காய்க்கு நன்றியாக இருக்கிறேன்.

குரல்களைப் பிரித்தறியும் கலையில் இக்னேஷியஸ் லொயோலாவின் அனுபவம் பழைய பாடம். 1521இல் பம்ப்லோனா கோட்டைச் சண்டையில் பீரங்கிக் குண்டு காலை உடைத்து, லொயோலா வீட்டில் மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தார். வீரசாகசக் கதைப் புத்தகம் கேட்டார். அது வீட்டில் இல்லாததால் கிறிஸ்துவின் சரித்திரமும் புனிதர்களின் சரித்திரமும் கிடைத்தன. பொழுது போகாமல் இரண்டு விதமாகக் கனவு கண்டார். ஒரு சீமாட்டியின் பொருட்டுச் செய்யப்போகும் சாகசங்கள் ஒரு பக்கம், பிரான்சிஸ் அசிசியார் போல வாழ்ந்தால் என்ன என்பது இன்னொரு பக்கம். கனவு காணும் நேரத்தில் இரண்டுமே இனித்தன. முடிந்த பிறகு முதலாவது மனதை வறண்டதாக விட்டுப்போயிற்று, இரண்டாவதன் சந்தோஷம் தங்கிப்போயிற்று. இந்த வித்தியாசத்தைக் கவனிக்க ஆரம்பித்ததிலிருந்துதான் அவருடைய ஆன்மிகப் பயிற்சிகள் முளைத்தன. ஆகவே ஒரு எண்ணம் வந்தபோது எப்படி இருந்தது என்று மட்டும் பார்க்காதீர்கள். அது போன பிறகு வாயில் என்ன ருசி இருக்கிறது என்று பாருங்கள்.

ஆனால் ஆண்டவரின் குரல் எப்போதும் சந்தோஷமாகவே வரும் என்றும் நினைத்துவிடக் கூடாது. எனக்கு ஜான் உல்மனின் கதை பிடிக்கும். அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் 1720இல் பிறந்தவர், குவேக்கர் சபைக்காரர். குவேக்கர்கள் பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் தோன்றியவர்கள். கூடி உட்கார்ந்து மௌனமாகக் காத்திருப்பார்கள், யாருக்காவது ஏவுதல் வந்தால் எழுந்து பேசுவார். யாருக்கும் வராவிட்டால் ஒரு வார்த்தையும் இல்லாமலே ஆராதனை முடியும். உல்மன் அந்த மௌனத்தில் வளர்ந்தவர். இருபதுகளின் தொடக்கத்தில் ஒரு கடையில் வேலை பார்த்தார். ஒரு நாள் முதலாளி ஒரு கறுப்பினப் பெண்ணை விற்றுவிட்டு, விற்பனைப் பத்திரம் எழுதச் சொன்னார். வாங்குகிறவரும் சபைக்காரர், வயதானவர், காத்துக்கொண்டு நிற்கிறார். உல்மனுக்கு உள்ளே ஏதோ உறுத்தியது. இருந்தாலும் எழுதிக் கொடுத்துவிட்டார். எழுதும்போதே, இது கிறிஸ்தவத்துக்கு ஒத்துவராத பழக்கம் என்று இருவரிடமும் வாய்விட்டுச் சொல்லவும் செய்தார். அப்படியும் உறுத்தல் முழுவதும் போகவில்லை. என்னால் முடியாது என்று விலகியிருக்க வேண்டும் என்று பிற்பாடு எழுதினார். அடுத்த முறை ஒருவர் அப்படிப் பத்திரம் எழுதக் கேட்டபோது மறுத்துவிட்டார்.

அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. ஒரு மேஜை, ஒரு இறகுப் பேனா, உள்ளே ஒரு உறுத்தல், அவ்வளவுதான். அதன் பின்னால் மீதி வாழ்நாளெல்லாம் நடந்தார். அடிமை வைத்திருந்த சபைக்காரர்களின் வீடுகளுக்குப் போய் அமைதியாகப் பேசினார். 1758இல் பிலடெல்பியா குவேக்கர் ஆண்டுக் கூட்டம் அடிமைகளை வாங்கி விற்பவர்களைச் சபைக் காரியங்களிலிருந்து விலக்கியது. 1776இல் அடிமை வைத்திருப்பதையே சபையாருக்குத் தடை செய்தது. அதைப் பார்க்க அவர் இல்லை, 1772இலேயே இறந்துவிட்டார்.

உல்மன் கேட்டதற்கும் நான் கேட்டதாக நினைத்ததற்கும் ஒரு வேறுபாடு இருக்கிறது. என் குரல் எனக்குப் பிடிக்காத மனிதரிடமிருந்து என்னைத் தப்ப வைத்தது. அவர் கேட்ட குரல் அவருக்குச் சம்பளம் தந்தவரின் முன்னால் அவரைச் சங்கடத்தில் நிறுத்தியது. சாமுவேலுக்கும் அப்படித்தான். அந்த ராத்திரி அவனுக்குக் கிடைத்த செய்தி தன்னை வளர்த்த ஏலியின் வீட்டைப் பற்றிய தண்டனைச் செய்தி. எந்தப் பிள்ளை அதைக் கேட்க ஆசைப்படும்? கேட்ட குரல் எப்போதும் உங்கள் பக்கமே பேசுகிறது, அடுத்தவர் என்ன செய்ய வேண்டும் என்றே சொல்கிறது என்றால், ஏலியிடம் ஓடவேண்டிய நேரம் அதுதான்.

உங்களுக்கு ஒரு ஏலி வேண்டும். போதகராக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அவர் எல்லாம் தெரிந்தவராக இருக்க வேண்டியதில்லை. ஏலி தாயை ஒரு தடவை, மகனை இரண்டு தடவை தவறாகப் புரிந்துகொண்டவர்; சொந்தப் பிள்ளைகளை அடக்கத் தெரியாதவர். ஆனாலும் மூன்றாவது தடவை சரியாகச் சொன்னார், சொல்லிவிட்டு விலகிக்கொண்டார். பதில் சொல்ல அவசரப்படாத, உங்களைக் கண்டு மயங்காத, முடிந்தால் கொஞ்சம் கேலியும் தெரிந்த ஒரு மூத்தவரைத் தேடுங்கள். மாதம் ஒரு முறை போய் உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள்.

வேதாகமத்தைக் கண்ணை மூடித் திறந்து விரல் பட்ட வசனத்தைப் பதிலாக எடுக்கும் வழக்கத்தையும், டிசம்பர் 31 இரவு எடுத்த வாக்குத்தத்த அட்டையை வருஷம் முழுக்கச் சீட்டு போலப் பயன்படுத்துவதையும் பற்றி ஒரு வரி போதும்: அது கேட்பதில் சேராது. இன்னொன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். காதால் கேட்கும்படியே குரல் வருகிறது, உன்னை மாய்த்துக்கொள் என்றோ, யாரையாவது அடி என்றோ கட்டளையிடுகிறது, தூக்கமும் போய்விட்டது என்றால் இந்த நூலை மூடிவிட்டு மனநல மருத்துவரிடம் போங்கள். வீட்டில் யாருக்காவது அப்படி நேர்ந்தால் உபவாச ஜெபத்துக்கு அழைத்துப் போகும் முன்னால் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். ஜெபிக்கிறவர்கள் வீட்டிலிருந்தே ஜெபிக்கலாம்.

ஒரு நாள் விலகி

பதினைந்து நிமிஷம் ஆறு மாதம் நிலைத்துவிட்டால் வருஷத்தில் ஒரு நாள் விலகிப் போகலாம். திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமம் இருக்கிறது; சவரிராயன் ஏசுதாசனும் எர்னஸ்ட் ஃபாரெஸ்டர் பேட்டனும் 1921இல் தொடங்கியது, திராவிடக் கோயில் சாயலில் ஒரு ஜெபாலயம் அங்கே உண்டு. குளித்தலைக்குப் பக்கத்தில் தண்ணீர்ப்பள்ளியில், காவிரிக் கரையில், 1950இல் இரண்டு பிரெஞ்சுக் குருக்கள் தொடங்கிய சாந்திவனம் இருக்கிறது. 1968 முதல் 1993இல் இறக்கும் வரை ஆங்கிலேயத் துறவி பீட் கிரிஃபித்ஸ் அங்கேதான் வாழ்ந்தார். அங்கே ஆராதனையில் காவி உடையும் ஆரத்தியும் இருக்கும். அது உங்களுக்குச் சங்கடமாக இருந்தால் ஆற்றங்கரையில் மட்டும் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். ஆறு எந்தத் திருச்சபையையும் சேர்ந்ததல்ல. அதற்கும் வசதி இல்லாதவர்களுக்கு, முன்னே சொன்ன பூட்டிய ஆலயமும் கோயில்பிள்ளையின் சாவியும் இருக்கவே இருக்கின்றன.

டைமர் அடித்த பிறகு

உடனே எழுந்து ஓட வேண்டாம். பரமண்டல ஜெபத்தை வாய்விட்டு, வழக்கமான வேகத்தில் பாதி வேகத்தில் சொல்லுங்கள். நோட்டில் தேதி போட்டு ஒரே ஒரு வரி எழுதுங்கள்: எந்தச் சொல் இழுத்தது, அல்லது எது உறுத்தியது. ஒன்றுமே இல்லையென்றால் 'ஒன்றும் இல்லை' என்று எழுதுங்கள். என்னுடைய பழைய நோட்டுகளில் பாதிக்குமேல் அந்த இரண்டு வார்த்தைதான். இடையிடையே ஒரு பெயர் திரும்பத் திரும்ப வரும், ஒரு கடன் வரும், எழுதாமல் விட்ட ஒரு கடிதம் வரும். மாதக் கடைசியில் புரட்டிப் பார்க்கும்போது மூன்று தடவைக்குமேல் வந்ததை அடிக்கோடிட்டு, ஏலியிடம் எடுத்துப் போங்கள்.

பிறகு பாயைச் சுருட்டிவிட்டு அடுப்பைப் பற்றவையுங்கள். சாமுவேல் அந்தச் செய்தியைச் சுமந்துகொண்டு விடியும்வரை படுத்திருந்தான். ஏலியின் முகத்தில் விழிக்கப் பயமாக இருந்தது. பொழுது விடிந்ததும் எழுந்துபோய் ஆலயத்தின் கதவுகளைத் திறந்தான். அது அவனுடைய தினசரி வேலை. அதை முடித்த பிறகுதான் ஏலி அவனைக் கூப்பிட்டார்.